முதல் தவறுகளைச் சம்பளத்துக்குச் செய்யுங்கள்: அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு விவசாயப் பயிற்சி வழிகாட்டி

படையிலிருந்து வெளியே வந்த கையோடு, சேமிப்பையெல்லாம் திரட்டி இருபது ஏக்கர் வாங்கிவிடத் துடிப்பவர்கள் அமெரிக்காவில் நிறைய உண்டு. தமிழ்க் குடும்பங்களிலிருந்து அமெரிக்கப் படைகளில் சேர்ந்தவர்களிடம் இந்தத் துடிப்பு சற்றுக் கூடுதலாகவே இருக்கும். தாத்தா உழுத வயல் நினைவில் எங்கோ கிடக்கிறது அல்லவா? அவர்களுக்கு என் யோசனை இதுதான்: இப்போதைக்கு வாங்காதீர்கள். இரண்டு ஆண்டுகள் இன்னொருவர் பண்ணையில் சம்பளத்துக்கு வேலை செய்து பழகுங்கள்.

ஈரம் காயாத மண்ணில் டிராக்டரை இறக்கி நிலத்தைக் கெட்டிப்படுத்துவது, விதைப்பை ஒரு வாரம் தள்ளிப்போட்டு அந்தப் பருவத்தையே இழப்பது, வாங்குபவரைத் தேடாமல் ஐந்து ஏக்கருக்குக் காய்கறி போடுவது. புதிதாக இறங்குகிறவர்கள் இவற்றில் ஒன்றையாவது செய்யாமல் தப்புவதில்லை. சொந்தக் கடனில் செய்வதா, சம்பளம் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் நின்று தடுக்க ஓர் ஆள் இருக்கும்போது செய்வதா என்பதுதான் கேள்வி.

ஆள் தேவையும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி அமெரிக்க விவசாயிகளின் சராசரி வயது 58.1. ராணுவத்தில் பணியாற்றிவிட்டு விவசாயம் செய்கிறவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல் என்கிறது அதே கணக்கெடுப்பு. ஆகவே நீங்கள் கதவைத் தட்டும் பண்ணைக்காரரே முன்னாள் படைவீரராக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

எது பயிற்சி, எது வெறும் கூலி வேலை

பண்ணைகள் தரும் வாய்ப்புகளுக்குப் பல பெயர்கள் உண்டு. பெயரை வைத்து ஏமாந்துவிடக் கூடாது.

முதல் வகை, பதிவு பெற்ற தொழில் பழகுநர் பயிற்சி. மத்திய தொழிலாளர் துறையிலோ மாநில அரசின் அதற்கான அமைப்பிலோ பதிவு செய்யப்பட்டது. வேலையில் குறைந்தது 2,000 மணி நேரம், அதோடு பாடம், படிப்படியாக உயரும் ஊதியம், முடிவில் நாடு முழுவதும் செல்லுபடியாகும் சான்றிதழ். விவசாயத்தில் இதற்கு முன்னோடி, விஸ்கான்சினில் தொடங்கிய 'டெய்ரி கிரேசிங் அப்ரண்டிஸ்ஷிப்'. மேய்ச்சல் முறையில் கறவை மாடு வளர்ப்பதற்கான பயிற்சி இது. 2015இல் தேசிய அளவில் பதிவு பெற்றது. இரண்டு ஆண்டுகளில் மொத்தம் 4,000 மணி நேரம். அதில் 3,712 மணி நேரம் பண்ணை வேலை, 288 மணி நேரம் பாடம். மாடு கறப்பது இதில் ஒரு பங்குதான். புல் எவ்வளவு உயரம் வந்ததும் மாட்டை அடுத்த அடைப்புக்கு மாற்றுவது, கறவை வற்றிய மாட்டுக்கு என்ன தீவனம், பால் விற்ற பணத்துக்கு வரும் காசோலையில் எது எதற்குப் பிடித்தம் என்பது வரை போகும்.

இரண்டாவது வகை, வேலையோடு பயிற்சி. தொழிலாளர் துறைப் பதிவு வேண்டியதில்லை. ஆனால் முன்னாள் படைவீரர் நலத்துறையின் பணம் உங்களுக்கு வரவேண்டுமென்றால், அந்தப் பண்ணையின் பயிற்சித் திட்டத்தை மாநில அங்கீகார அமைப்பு (படைவீரர் கல்விச் சலுகைக்குத் தகுதியான பயிற்சிகளை ஏற்கும் அமைப்பு) ஏற்றிருக்க வேண்டும். பொதுவாக ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை நீளும்.

மூன்றாவது வகைதான் எண்ணிக்கையில் மிகுதி: 'தங்க அறை, சாப்பாடு, கைச்செலவுக்கு மாதம் ஒரு தொகை' என்று அழைக்கும் பருவகாலப் பயிற்சி. இதிலும் நல்ல ஆசான்கள் இருக்கிறார்கள். மாதத் தொகையை அந்த மாதம் உழைக்கும் மணி நேரத்தால் வகுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வகுத்துப் பார்த்தால் சில அழைப்புகளின் அழகு குறைந்துவிடும்.

பணம் இரண்டு வாய்க்கால்களில் வருகிறது

புதியவர்கள் மிகவும் குழம்பும் இடம் இது. ஒரு வாய்க்கால், பண்ணைக்காரர் தரும் ஊதியம். இன்னொன்று, ஜிஐ பில் எனப்படும் படைவீரர் கல்விச் சலுகையிலிருந்து வரும் மாதத் தொகை. கல்லூரிக்குப் போனால்தான் ஜிஐ பில் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு அதைத் தொடாமலே விட்டவர்கள் உண்டு. அங்கீகாரம் பெற்ற பழகுநர் பயிற்சிக்கும் வேலையோடு பயிற்சிக்கும் அது பொருந்தும். ஊதியம் வாங்குவதால் அது குறைக்கப்படுவதில்லை.

2001 செப்டம்பர் 11க்குப் பிந்தைய ஜிஐ பில்லில் வீட்டு வாடகைப் படியை அடிப்படையாக வைத்துக் கணக்கிடுகிறார்கள். முதல் ஆறு மாதம் முழுப் படி, அடுத்த ஆறு மாதம் 80 விழுக்காடு, பிறகு 60, அதன் பிறகு 40, எஞ்சிய காலத்துக்கு 20. பண்ணை இருக்கும் இடத்தின் அஞ்சல் குறியீட்டைப் பொறுத்துப் படி மாறும். கணக்குக்காக முழுப் படி 2,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆறு மாதம் மாதம் 2,000, அடுத்து 1,600, அடுத்து 1,200, இரண்டாம் ஆண்டின் கடைசி ஆறு மாதம் 800. உங்கள் பணிக்காலம் முழுத் தகுதிக்குப் போதாமல் 60 அல்லது 80 விழுக்காட்டுத் தகுதி மட்டும் இருந்தால், இந்தத் தொகைகளும் அந்த அளவுக்குக் குறையும். புத்தகங்களுக்கும் கருவிகளுக்கும் மாதம் 83 டாலர் வரை தனி. பழைய மாண்ட்கோமரி ஜிஐ பில் வைத்திருப்பவர்களுக்கு விகிதம் வேறு: 75, 55, 35.

அரசின் தொகை ஏன் இறங்கிக்கொண்டே போகிறது? உங்கள் கை பழகப் பழகப் பண்ணைக்காரரின் ஊதியம் ஏற வேண்டும் என்பதுதான் கணக்கு. வேலையோடு பயிற்சித் திட்டத்தில் இது விதியாகவே இருக்கிறது. அந்த வேலையில் முழுத் தேர்ச்சி பெற்றவருக்குத் தரும் ஊதியத்தில் குறைந்தது பாதியோடு நீங்கள் தொடங்க வேண்டும். கடைசி மாதத்தில் 85 விழுக்காட்டையாவது எட்டியிருக்க வேண்டும். தேர்ந்த ஆளுக்கு மணிக்கு 24 டாலர் என்றால் தொடக்கம் 12, முடிவில் 20 டாலர் 40 சென்ட். இந்த ஏற்றத்தை எழுத்தில் காட்டாத பண்ணையில், இரண்டாம் ஆண்டு உங்கள் கைக்கு வரும் மொத்தப் பணம் முதல் ஆண்டைவிடக் குறைந்துவிடும். உழைப்போ கூடியிருக்கும்.

இன்னொரு கண்ணி, மாதத்துக்கு 120 மணி நேரம். அதற்குக் குறைவாக வேலை செய்த மாதத்தில் படியும் விகிதப்படி வெட்டப்படும். கோடையில் வாரம் அறுபது மணி நேரம் உழைத்திருப்பீர்கள். அது கணக்கில் சேமிப்பாக நிற்காது. வடக்கு மாநிலங்களில் காய்கறிப் பண்ணைகள் பனிக்காலத்தில் ஏறக்குறைய உறங்கிவிடும். அந்த மாதங்களில் உங்களுக்கு என்ன வேலை, கருவி பழுதுபார்ப்பா, பசுமைக்குடிலா, விதைகளை ஒழுங்குபடுத்துவதா என்று முன்கூட்டியே கேட்டு, நாளுக்கு நாள் நேரக் குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். கறவைப் பண்ணையில் இந்தக் கவலை இல்லை. மாடு பனிக்காலத்திலும் இரண்டு வேளை கறக்கும், கிறிஸ்துமஸ் அன்றும் கறக்கும். அது வேறு வகைக் கவலை.

பணிக்காலத்தில் ஏற்பட்ட உடல் பாதிப்புக்கான இழப்பீடு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரண இழப்பீட்டை ஊதியம் பாதிக்காது. ஆனால் 'வேலை செய்ய இயலாதவர்' என்ற அடிப்படையில் முழு இழப்பீடு பெறுகிறவர்களும், வருமான வரம்புள்ள ஓய்வூதியம் பெறுகிறவர்களும் பண்ணையில் சேருமுன் சலுகை விவகாரங்களில் முன்னாள் படைவீரர்களுக்கு உதவும் சேவை அதிகாரி ஒருவரிடம் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். பாதிப்பால் பழைய தொழிலுக்குத் திரும்ப முடியாதவர்களுக்கு, ஜிஐ பில் தவிர, 31ஆம் அத்தியாயம் என்று அழைக்கப்படும் தொழில் மறுவாழ்வுத் திட்டமும் இருக்கிறது. அதன் வழியாகவும் பண்ணைப் பயிற்சிக்குப் போகலாம்.

சீருடையைக் கழற்றுவதற்கு முன்பே

இன்னும் பணியில் இருக்கிறீர்கள் என்றால் ஸ்கில்பிரிட்ஜ் திட்டத்தைப் பாருங்கள். பணிக்காலத்தின் கடைசி 180 நாட்களுக்குள் ஒரு வெளி நிறுவனத்தில் பயிற்சிக்குப் போகலாம்; ராணுவச் சம்பளமும் சலுகைகளும் தொடரும். பண்ணைக்காரர் ஊதியம் தர வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பண்ணையோ அதை நடத்தும் அமைப்போ திட்டத்தில் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் அதிகாரி ஒப்புதல் தர வேண்டும். தருவது அவர் விருப்பம், உங்கள் உரிமை அல்ல. படைப்பிரிவையும் பதவியையும் பொறுத்து 180 நாள் என்பது வெகுவாகக் குறையவும் கூடும். ஆகவே வெளியேறும் தேதிக்கு ஒரு வருடம் முன்பே பேச்சைத் தொடங்குவது நல்லது. எந்த மாதத்தில் விழுகிறது என்பதையும் பாருங்கள். நவம்பரில் தொடங்கி ஜனவரியில் முடிந்தால் வேலி கட்டக் கற்றுக்கொள்ளலாம். நாற்று நடுவதைப் பார்க்க முடியாது.

வெளியே வந்ததும் முதல் வேலை, டிடி-214 எனப்படும் பணி விடுப்புச் சான்றின் பல நகல்கள். அடுத்து, 22-1990 என்ற எண்ணுள்ள விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி, ஜிஐ பில் தகுதிச் சான்றை வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை மாதச் சலுகை மீதி இருக்கிறது என்பது அதில் தெரியும்.

பண்ணையைத் தேடுதல்

தேடலை மூன்று இடங்களில் தொடங்கலாம். ஒன்று, கலிஃபோர்னியாவின் டேவிஸில் காய்கறி விவசாயி மைக்கேல் ஓ'கோர்மன் தொடங்கிய ஃபார்மர் வெட்டரன் கோயலிஷன். விவசாயத்தில் இருக்கும் முன்னாள் படைவீரர்களின் நாடளாவிய கூட்டமைப்பு இது. உங்கள் மாநிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார்கள் என்பதை அவர்கள் வழியாக அறியலாம். இரண்டு, மொன்டானாவின் பியூட் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட என்.சி.ஏ.டி. என்ற லாப நோக்கற்ற நிறுவனம் நடத்தும் அட்ரா என்ற விவசாயத் தகவல் சேவை. நாடு முழுவதும் உள்ள பண்ணைப் பயிற்சி இடங்களின் பட்டியலை அது பராமரிக்கிறது. அதே நிறுவனம் 2013 முதல் 'ஆர்ம்டு டு ஃபார்ம்' என்ற பெயரில் படைவீரர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி நடத்திவருகிறது. விவசாயம் நமக்கு ஒத்துவருமா என்று தெரியாதவர்கள், இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் இந்த ஒரு வாரத்தை முயன்று பார்க்கலாம். துணைவரையும் அழைத்துப் போவது இன்னும் நல்லது. மூன்று, ஏறக்குறைய எல்லா மாவட்டங்களிலும் உள்ள பல்கலைக்கழக வேளாண் விரிவாக்க அலுவலகம். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு எந்தப் பண்ணையில் ஆள் நிலைக்கிறார்கள், எங்கே மாதத்துக்கு ஒருவர் ஓடிவிடுகிறார் என்பதெல்லாம் தெரியும். எழுத்தில் சொல்ல மாட்டார். நேரில் போய்ப் பொறுமையாகப் பேசினால் சொல்வார்.

பயிரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் ஆசானைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்பேன். பெர்ரி பயிரிட ஆசைப்பட்டு, பேசவே பிடிக்காத ஒருவரிடம் சேர்வதைவிட, கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டும் ஓர் ஆட்டுப்பண்ணைக்காரரிடம் சேர்வது மேல். 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்தக் கணக்கைப் பார்க்கக் கற்பதற்காகத்தான் இந்த இரண்டு ஆண்டுகளே.

ஒரு நாள் வேலை செய்து பாருங்கள்

சுற்றிக்காட்டும் நடையில் எல்லாப் பண்ணையும் அழகு. காலையில் வேலை தொடங்கும் நேரத்தில் போய், மாலை வரை கூட இருந்து பாருங்கள். ஏதாவது உடையும், தினமும் ஏதாவது உடைவதுதான் பண்ணை. அப்போது பண்ணைக்காரர் என்ன செய்கிறார்? கத்துகிறாரா, தானே சரிசெய்துவிட்டுப் போகிறாரா, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டுகிறாரா? மூன்றாவது ஆள்தான் உங்களுக்கு வேண்டும்.

முன்பு இங்கே பயிற்சி பெற்றவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்களில் இருவரிடமாவது தொலைபேசியில் பேச அனுமதி வாங்குங்கள். தங்குமிடம் தருவதாகச் சொன்னால் அந்த அறையைப் பாருங்கள். தண்ணீர்க் குழாயைத் திறந்து, கணப்பு எரிகிறதா என்று பாருங்கள். கூச்சப்பட வேண்டாம்.

எழுதி வாங்குங்கள்

பண்ணைகளில் வாய்ப்பேச்சுக்கு மரியாதை அதிகம். அதற்காக எழுத்தை விட்டுவிட முடியாது, காரணம் சட்டம் இங்கே உங்களுக்கு அவ்வளவு துணை நிற்பதில்லை. மத்தியக் குறைந்தபட்ச ஊதியம் 2009 முதல் மணிக்கு 7 டாலர் 25 சென்ட். அதுகூடச் சிறு பண்ணைகளைக் கட்டுப்படுத்தாது: முந்தைய ஆண்டின் எந்தக் காலாண்டிலும் 500 ஆள்-நாட்களுக்கு (ஓர் ஆள் ஒரு நாள் வேலை செய்தால் ஓர் ஆள்-நாள்) மேல் வேலைக்கு அமர்த்தாத பண்ணைக்கு விலக்கு உண்டு. வாரம் நாற்பது மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு என்ற மத்திய விதியும் பண்ணைத் தொழிலாளருக்குப் பொருந்தாது. கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நியூயார்க் போன்ற மாநிலங்கள் தங்கள் சட்டங்களில் மிகைநேர ஊதியத்தைக் கொண்டுவந்திருக்கின்றன. பணியிட விபத்துக் காப்பீட்டிலும் பல மாநிலங்கள் சிறு பண்ணைகளுக்கு விலக்குத் தருகின்றன. ஆகவே, 'எனக்கு அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது?' என்ற கேள்வியை நேராகக் கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அதே தாளில் இருக்க வேண்டியவை: மணி நேர ஊதியமும் அது உயரும் தேதிகளும், வார விடுப்பு, அறையும் உணவும் ஊதியத்தில் கழிக்கப்பட்டால் எவ்வளவு, மருத்துவமனைச் சந்திப்புகளுக்கு நேரம், எந்த மாதத்துக்குள் எந்த வேலை கற்பிக்கப்படும் என்ற பட்டியல். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். பட்டியல் இல்லாத இடத்தில் மிகத் திறமையாகக் களை பிடுங்கத் தெரிந்தவராக நீங்கள் வெளியே வருவீர்கள், அவ்வளவுதான்.

இந்தப் பட்டியல் இன்னொரு வேலையும் செய்யும். மாநில அங்கீகார அமைப்புக்குப் பண்ணைக்காரர் அனுப்ப வேண்டிய விண்ணப்பத்தின் உயிர்ப்பகுதியே இதுதான். அரசுப் படிவம் என்றதும் பல சிறு பண்ணைக்காரர்கள் பின்வாங்குவார்கள். நீங்களே அந்த அமைப்பை அழைத்து, படிவங்களை வாங்கி, பெரும்பகுதியை நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் சரிபார்த்துக் கையெழுத்திட்டால் போதும் என்ற நிலையில் இருக்கட்டும். ராணுவத்தில் படிவம் நிரப்பியே தேய்ந்த கை இங்கே உதவும். அங்கீகாரம் கிடைத்த பிறகும் முதல் தொகை கைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை தாக்குப்பிடிக்கப் பணம் ஒதுக்கி வையுங்கள்.

முதல் மூன்று மாதங்கள்

உடம்பைப் பற்றிய பெருமையை வாசலிலேயே விட்டுவிடுங்கள். மூட்டை சுமந்து பழகிய முதுகுக்கும், ஆறு மணி நேரம் குனிந்து கீரை அறுக்கும் முதுகுக்கும் சம்பந்தமில்லை. முழங்காலிலோ தோளிலோ பழைய காயம் இருந்தால் மறைக்க வேண்டாம். அக்ராபிலிட்டி என்ற அரசுத் திட்டம் 1990ஆம் ஆண்டின் வேளாண் சட்டத்தில் பிறந்தது. டிராக்டருக்கு ஏறும் படியை மாற்றுவது, கைப்பிடி பொருத்துவது போன்ற மாற்றங்களுக்கு வழி சொல்வார்கள். அது இயங்கும் மாநிலமா என்று பாருங்கள்.

டிராக்டரை நம்பவே நம்பாதீர்கள். அமெரிக்கப் பண்ணைகளில் உயிரை அதிகம் குடிப்பது டிராக்டர் கவிழ்வதுதான். தலைக்கு மேல் பாதுகாப்புச் சட்டகம் இல்லாத பழைய வண்டியில் சரிவில் ஏறச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சட்டகம் இருந்தால் இருக்கைப் பட்டையையும் போடுங்கள், இரண்டும் சேர்ந்தால்தான் காக்கும். பின்னால் இணைக்கும் கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுற்றும், அதாவது நொடிக்கு ஒன்பது. சட்டை நுனி சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. எஞ்சினை அணைத்து, எல்லாம் நின்ற பிறகே கீழே இறங்குங்கள். பூச்சிமருந்து அடித்த வயலுக்குள் எத்தனை மணி நேரம் கழித்து நுழையலாம் என்பது புட்டியிலேயே எழுதியிருக்கும். அதைப் பற்றி ஆண்டுதோறும் பயிற்சி தருவது பொதுவாகப் பண்ணைக்காரரின் கடமை.

ராணுவப் பழக்கங்களில் பாதி இங்கே தங்கம்: விடியலில் எழுவது, கருவியை எடுத்த இடத்தில் வைப்பது, சரிபார்ப்புப் பட்டியல். மீதியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். மழைக்கு உங்கள் திட்டம் தெரியாது. உத்தரவுக்காகக் காத்திருக்கும் பழக்கமும் உதவாது. 'அந்த ஆடு ஒரு மாதிரி நிற்கிறது' என்று தானாகவே போய்ச் சொல்கிறவரைத்தான் பண்ணைக்காரர் வைத்துக்கொள்வார். திடீர் ஓசைகள், இருட்டில் தனியாகச் செய்யும் வேலை, இறைச்சிக்கு வெட்டும் நாள் ஆகியவை பழைய நினைவுகளைக் கிளறக்கூடும் என்றால் முதல் வாரமே சொல்லி, அந்த வேலைகளை மாற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் ஆண்டில் ஒரு துண்டு நிலம்

முதல் ஆண்டு முடிந்ததும் ஒரு துண்டு நிலத்தையோ ஒரு சிறு மந்தையையோ முழுப் பொறுப்பில் கேளுங்கள். விதை வாங்குவது முதல் விற்பது வரை உங்கள் முடிவு, உங்கள் கணக்கு. இதற்கு ஒரு காரணம் வேளாண் துறையின் கடன் அலுவலகத்தில் இருக்கிறது. நிலம் வாங்க அரசிடம் நேரடிக் கடன் கேட்பவர், கடந்த 10 ஆண்டுகளில் 3 ஆண்டுகள் பண்ணை நிர்வாக அனுபவம் காட்ட வேண்டும். ராணுவத்தில் தலைமைப் பொறுப்பில் இருந்தது அதில் ஓராண்டுக்கு ஈடாகலாம். மற்ற ஆண்டுகளுக்கு, சொன்ன வேலையைச் செய்தேன் என்றால் போதாது. முடிவெடுத்தேன் என்று காட்ட வேண்டும். 50,000 டாலர் வரையிலான சிறு கடனுக்கு விதி தளர்வானது, பழகுநர் பயிற்சியையே அனுபவமாக எடுத்துக்கொள்வார்கள்.

விவசாயத்துக்கு வந்து பத்தாண்டு ஆகாத படைவீரர்களுக்கு வேறு சலுகைகளும் உண்டு. மண், நீர்ப் பாதுகாப்புப் பணிகளுக்கான ஈக்விப் திட்டத்தில் செலவில் 90 விழுக்காடு வரை திரும்பக் கிடைக்கும், ஒரு பகுதியை முன்பணமாகவும் பெறலாம். பயிர்க் காப்பீடு இல்லாத பயிர்களுக்கான பேரிடர் உதவித் திட்டத்தில் சேவைக் கட்டணம் இல்லை. இவை சொந்தமாகவோ குத்தகைக்கோ நிலம் எடுத்த பிறகு பயன்படும். ஆனாலும் வேளாண் துறையின் மாவட்ட அலுவலகத்துக்கு இப்போதே ஒருமுறை போய் முகம் காட்டிவிட்டு வாருங்கள்.

நோட்டுப் புத்தகம் ஒன்றை முதல் நாளிலிருந்தே வைத்திருங்கள். தேதி, மணி நேரம், செய்த வேலை, எடுத்த முடிவு, அதன் விளைவு. வெள்ளிக்கிழமைதோறும் பண்ணைக்காரரிடம் காட்டி ஒரு சிறு கையொப்பம் வாங்குங்கள். பயிற்சி முடியும்போது, எந்தெந்த முடிவுகள் உங்கள் பொறுப்பில் இருந்தன, எத்தனை ஏக்கர், எத்தனை தலை மாடு, எவ்வளவு விற்பனை என்று எண்களோடு அவர் ஒரு கடிதம் தர வேண்டும். அந்தக் கடிதத்தைப் பனிக்காலத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். அறுவடை நேரத்தில் போய் நின்றால், எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் 'அப்புறம் பார்க்கலாம்' என்றுதான் சொல்வார்.